கூரை சரிந்த ஈ.சி.ஜி.யும் மைக்ரோ நைனாவும்

எங்கள் ஊர்த் திருத்தணி முருகனைக்கூட அவசரப்படுத்திவிடலாம். சிறப்பு தரிசன வரிசையில் நின்றால் அவரே சீக்கிரம் முகம் காட்டி அனுப்பிவிடுவார். எங்கள் தெருவில் மீட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த மைக்ரோ நைனாவை அவசரப்படுத்த அந்த முருகனின் அப்பா வந்தாலும் நடக்காது. வந்திருந்தால், "பொறு, உக்காரு, டீ சாப்புடு" என்று அவரையும் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. பெயரைச் சரியாக எழுதி வந்த தபால்கள் 'அப்படி யாரும் இல்லை' என்று திரும்பிப் போனதாகவும், 'மைக்ரோ நைனா, மீட்டர் கடை' என்று எழுதியவை மட்டும் மறுநாளே வந்து சேர்ந்ததாகவும் கேள்வி. நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் வீடுகளில் பாதி உறவுகள் தெலுங்கில்தான் நடமாடும். மைக்ரோ என்பது அவராகத் தேடிக்கொண்டது. மைக்ரோஃபாரட் என்று ஓர் அளவு இருக்கிறது. துணிக்கு மீட்டர் மாதிரி, கப்பாசிட்டருக்கு மைக்ரோஃபாரட். நாளெல்லாம் "எத்தினி மைக்ரோ? எத்தினி மைக்ரோ?" என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதரை ஊர் வேறு எப்படித்தான் கூப்பிடும்?

கப்பாசிட்டர் என்றால் மிரள வேண்டாம். ஃபேன் சுற்றாவிட்டால் எலக்ட்ரீஷியன் வந்து கண்டென்சர் மாற்றுகிறாரே, அதற்கே இன்னொரு பெயர்தான். நைனா ஒரு காலத்தில் அரக்கோணம் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையில், ராட்சச உருளைகள் சுழலும்போது எவ்வளவு ஆடுகின்றன என்று அளக்கும் கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். அந்த உருளைகள் ரொம்ப மெதுவாகச் சுழலுமாம். பல வருஷம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த நிதானம் இவருக்கும் தொற்றிக்கொண்டது என்பது அவர் மனைவி கமலம்மாவின் கருத்து. கல்யாணத்தன்று முகூர்த்த நேரம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போதுதான் தாலியை எடுத்தாராம். முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று அவிழ்த்துப் பார்க்கப் போனவரை மாமனார் கையைப் பிடித்துத் தடுத்தாராம்.

அவர் கடைக்கு மிக்ஸி கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

"இதெல்லாம் வேகமா சுத்தறது. எவன் வோணா பாப்பான். நான் மெதுவா ஆடறத மட்டும்தான் பாப்பேன்."

"மெதுவா ஆடறதுன்னா இன்னா நைனா? ஊஞ்சலா?"

"ஆங், ஊஞ்சல்தான்னு வச்சிக்கயேன்."

ஒரு நாள், நான் கேட்காமலேயே, விளக்கமும் சொன்னார். அவர் கேட்டதற்குப் பதில் சொன்னதைவிடக் கேட்காததற்குச் சொன்னதுதான் அதிகம்.

"இத பாரு தம்பி. மெஷின்ல ஒரு ரூம்புல இருந்து இன்னொரு ரூம்புக்கு சிக்னல் போவணும். நடுவுல வாசல்ல நிக்கற வாச்மேன்தான் கப்பாசிட்டர். அசையாம நிக்கற கரண்ட உள்ள உடமாட்டான். ஆடிகினு வர கரண்டதான் உடுவான். வேகமா ஆடிகினு வந்தா எந்த வாச்மேனும் உட்டுடுவான். ஆனா ஒண்ணு கீது பாரு, கிழவி மலை ஏறற மாதிரி மெதுவா ஆடி அசைஞ்சி வரும். சின்ன வாச்மேன் அதுவும் சும்மா நிக்குதுன்னு நெனச்சி பாதிய வெளியவே தள்ளிடுவான். அத முழுசா உள்ள உடணும்னா பெரிய மனசு இருக்கற வாச்மேன் வோணும்."

"பெரிய மனசுன்னா?"

"பெரிய மைக்ரோ!" என்றார், என் மண்டையில் ஏறாததற்காக வருத்தப்பட்டு.

பெரிய மைக்ரோ மட்டும் போதாது. அது ஒழுகக் கூடாது. மலிவாகக் கிடைக்கும் டப்பா போன்ற உருளை வகையை அவர் 'ஓட்டைக் குடம்' என்பார். சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட்டை ஒழுகவிட்டு அளவைக் கெடுத்துவிடுமாம். பெரியதாகவும் இருக்க வேண்டும், ஒழுகாததாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மாப்பிள்ளை லேசில் கிடைப்பதில்லை. அதைத் தேடி அவர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவார். நான் ஆபீஸுக்குப் போகும் மின்சார ரயிலிலேயே, மடியில் தன்னுடைய மீட்டரைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வருவார். கடையில் ஒவ்வொரு கப்பாசிட்டரிலும் கரண்ட் ஏற்றி வைத்துவிட்டு, அது இறங்குகிறதா என்று எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டு வந்தாலும் உட்கார்ந்திருப்பார். அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் இரண்டு கடைகள் ஷட்டரை இறக்கிவிடும் என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்த மனுசன் என்ன இவ்ளோ நேரம் பாக்கல" என்பார் கமலம்மா.

ஸ்டேஷன் பக்கத்து சர்ச்சில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம். பாஸ்டரின் பிரசங்கம் ஸ்பீக்கரில் கீச்சுக்குரலாகக் கேட்கிறது, நல்ல கனமான குரல் அவருக்கு, எல்லாம் வீணாகிறது என்று சபையார் வருத்தப்பட்டார்கள். நைனா ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து, உள்ளே இருந்த சின்ன வாச்மேனை அனுப்பிவிட்டுப் பெரிய மனசுக்காரர் ஒருவரைப் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் குரல் சிங்கம் மாதிரி இருந்தது. பாதிப் பிரசங்கத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று போனது. அந்த அதிர்வும் மைக் வழியாக ஏறி ஸ்பீக்கரில் தடதடதடவென்று இறங்கியது. ஜன்னல் சட்டங்கள் ஆடின. முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா உலகத்தின் முடிவே வந்துவிட்டது என்று முட்டி போட்டுவிட்டார்.

"நைனா, எனக்கு ரயில் வேணாம். பிரசங்கம் மட்டும் போதும்" என்றார் பாஸ்டர்.

"ரயிலு நெஜமா போச்சா இல்லியா ஐயா? போனத போனபடி காட்டுது. நீங்க போயி மெஷின கொறை சொல்றீங்களே!"

இதுதான் அவர் கொள்கை. இருப்பதை இருக்கிறபடி காட்ட வேண்டும். கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னவர்கள் அந்தக் கடையில் டீ கூடக் குடித்ததில்லை. அவர் மேஜை மேல் சொந்தமாகச் செய்த ஒரு பெட்டி இருக்கும். தரையின் மிக மெல்லிய ஆட்டத்தைக்கூட முள்ளால் காட்டும். அதற்குக் கப்பாசிட்டர் தேடியே பாதித் தலைமுடி போய்விட்டதாகச் சொல்வார். அதைத் தொட்டுத் துடைக்கக் கமலம்மாவுக்கே அனுமதி கிடையாது.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அட்ஜஸ்ட் செய்தார். அது என் நெஞ்சில் வந்து விடிந்தது.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அப்போது காவடி எடுக்காத வீட்டை எண்ணிவிடலாம். எனக்கும் நேர்த்திக்கடன் இருந்தது. மகளுக்குப் பிரசவம் நல்லபடி முடிந்தால் புஷ்பக் காவடி எடுத்துப் படியேறி வருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன், அவளும் பேரனும் சுகமாக வீடு வந்துவிட்டார்கள். மலையேறப் போகிறவர்கள் பலரும் அந்த வாரம் டாக்டரம்மாவின் கிளினிக்கில் நெஞ்சைக் காட்டிவிட்டு வருவார்கள். முருகன் காப்பாற்றுவார்தான், டாக்டரம்மாவும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தைரியம். அந்த நேரம் பார்த்து அங்கிருந்த பழைய ஈ.சி.ஜி. மெஷின் படுத்துவிட்டது.

கம்பவுண்டர் பாபு அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நைனாவிடம் ஓடினான். நான் அப்போது அந்தக் கடையில்தான் இருந்தேன்.

"நைனா, நாளைக்கு காலைல வோணும். கூட்டம் அள்ளுது."

"உள்ள கப்பாசிட்டர் செத்துப் போயிகீது. நெஞ்சு ஆடறதுலயே ரொம்ப மெதுவா ஆடற ஆட்டம் ஒண்ணு கீதுடா. அத உடற சைஸு என்கிட்ட இல்ல. மெட்ராஸ் போவணும், பொறுக்கணும், கரண்ட் ஏத்தி காய வைக்கணும்..."

"காய வைக்கணுமா? இன்னா நைனா, வடகமா?"

"பொறுடா."

"பொறுத்தா ஜனம் என்ன வடகம் போட்டுடும் நைனா. அட்ஜஸ்ட் பண்ணு நைனா. உன் கால்ல உழறேன்."

விழுந்தும் விட்டான். நான் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டதால் பிறகு நடந்தது தெரியாது. மறுநாள் காலையில் மெஷின் கிளினிக்கில் இருந்தது என்று மட்டும் கேள்விப்பட்டேன். மைக்ரோ நைனா ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டார் என்ற செய்தி மலைமேல் அர்ச்சகர் வரைக்கும் போயிற்று. அதற்கு மேல், மெஷின் முன்னைவிட நன்றாக வேறு ஓடியது. முன்பெல்லாம் ஆள் மூச்சு விட்டால் கோடு மேலும் கீழும் அலையுமாம். இப்போது ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே நேராக வருகிறதாம். பாபு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். "நைனா, கோடு இன்னா அழகு! இன்னா ஸ்பீடு!" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கைகொடுத்தார்கள். நைனா வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து அவரை யாரும் வேகத்துக்காகப் பாராட்டியதே இல்லை.

இரண்டு நாள் கழித்து அரக்கோணம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அதை வீட்டில் வந்து சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். மறுநாள் காலையில் என் மனைவி என்னைக் காவடி எடுக்கும் முன்பே காவடி மாதிரித் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டாள். பாபு என் மார்பில் கிண்ணம் கிண்ணமாக ஒட்டினான். மெஷின் நீளக் காகிதத்தில் அழகாகக் கோடு போட்டது. டாக்டரம்மா அதைக் கையில் எடுத்தார். கோட்டின் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"நெஞ்சு வலி வருதுங்களா?"

"இல்லீங்கம்மா. வரணுமா?"

"இந்த இடத்துல கோடு கொஞ்சம் இறங்கி கீது. நெஞ்சுக்கு ரத்தம் பத்தலேன்னா இப்படி இறங்கும். பயப்பட வேணாம். ஆனா பெரிய டாக்டர்கிட்ட காட்டியே ஆவணும். லெட்டர் தரேன், நாளைக்கே அரக்கோணம் போயி காட்டுங்க. அதுவரைக்கும் மலை, படி, காவடி எதுவும் கூடாது."

பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு பயப்படாத மனிதன் உண்டா? வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகளை நினைத்தேன், பேரனை நினைத்தேன், கட்டி முடிக்காத மாடி அறையை நினைத்தேன். உண்மையிலேயே செத்துவிடப் போகிறோம் என்று நம்பினேன். வேண்டுதலைக்கூட முடிக்காமல் போகிறோமே என்பது அதற்கு மேல் அறுத்தது.

பள்ளிப்பட்டிலிருந்து என் மைத்துனன் முரளி அன்று சாயங்காலமே இளநீர்க் குலையோடு வந்து இறங்கினான். நல்ல பையன், ஆனால் ஆறுதல் சொல்ல வராது. "பாவா மாதிரி ஒரு மனுசன் கெடைக்கமாட்டாருக்கா. யாருக்கும் ஒரு கெடுதல் நெனச்சதில்ல" என்று, நான் பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே இறந்தகாலத்தில் பேசினான். "காவடிய நான் எடுக்கறேன் பாவா. நீ நிம்மதியா படு" என்றான். படு என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் மைக்ரோ நைனா விசாரிக்க வந்தார். நாற்காலியை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். காபி வந்தது. ஆறட்டும் என்று ஓரமாக வைத்தார்.

"எங்க, அந்த காகிதத்த குடு பாக்கலாம்."

கொடுத்தேன். என் இதயம் வரைந்த கோடுகள் எதையும் அவர் பார்க்கவில்லை. காகிதத்தின் ஆரம்பத்தில், ஓரமாக, கதவு மாதிரி ஒரு சின்னப் பெட்டி வரைந்திருந்தது. அதையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் வெளுத்தது.

"இன்னா நைனா? ரொம்ப மோசமா?"

அவர் நாற்காலியைத் தள்ளினார். எழுந்தார். காகிதத்தைப் பிடித்தபடி, செருப்பைக்கூட மாட்டாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். ஆமாம், ஓடினார். மைக்ரோ நைனா ஓடி நான் பார்த்ததில்லை, தெரு பார்த்ததில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் வரிசையைக் கலைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு நாய் துரத்தலாமா என்று யோசித்துவிட்டு நம்ப முடியாமல் உட்கார்ந்துவிட்டது.

நைனாவே ஓடுகிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று தெரு முடிவு செய்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் ஆட்கள் கைகட்டி நின்றார்கள். ரேஷன் கடைக்காரர் முரளியின் தோளில் கை வைத்து, "எப்போ எடுக்கறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னாது எடுக்கறது?" என்றான் முரளி.

சத்தம் கேட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க, கையில் இளநீரோடு நானே வாசலுக்கு வந்தேன். ஒரு அம்மா வீல் என்று கத்தினார். பின்னால் நின்ற ஒருவர் போனைக் கையில் பிடித்தபடி, "தப்பட்டை செட்டுக்கு சொல்லிட்டனே, கேன்சல் பண்ணிடவா?" என்று என்னிடமே கேட்டார்.

பண்ணிவிடச் சொன்னேன்.

நைனா போன திசையில் கிளினிக்தான் இருந்தது. முரளி என்னைப் பைக்கில் உட்கார வைத்து, பானை வியாபாரி மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். உள்ளே மெஷினின் மூடி திறந்து கிடந்தது. நைனா தரையில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். பாபு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, வந்துட்டியா? இங்க வா, பாரு" என்று என் காகிதத்தை நீட்டினார் நைனா. "இந்த பொட்டி கீது பாரு, இது உன் நெஞ்சு இல்ல. மெஷின் தன்னத்தானே அளந்து காட்டறது. இதோட கூரை மட்டமா இருக்கணும். இதுல சரிஞ்சி கீது. கூரை சரிஞ்சா பக்கத்துல வர உன் கோடும் சரியும். உன் நெஞ்சு எறங்கிச்சோ இல்லியோ, எனக்கு தெரியாது. ஆனா இந்த மெஷின் எறக்கிதான் காட்டும், யாரு நெஞ்சா இருந்தாலும்."

"ஏன் நைனா சரியுது?"

அவர் விரல் நுனியில் ஒரு சின்னப் பொருளைப் பிடித்துக் காட்டினார். மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிது. "நான்தான் போட்டேன். இருக்க வேண்டிய மைக்ரோவுல பத்துல ஒரு பங்குகூட தேறாது. ரெண்டு நாளைக்கு சமாளிக்கட்டும், அப்பறம் மெட்ராஸ் போயி நல்லதா வாங்கியாந்து மாத்திடலாம்னு நெனச்சேன். மூச்சு அலையறது நின்னு கோடு நேரா வந்துச்சி. எல்லாரும் அழகா கீதுன்னாங்க. மெதுவா வரத எல்லாம் வெளிய தள்ளிட்டா நேராதான் வரும். எனக்கு தெரியும். தெரிஞ்சிகினே உட்டுட்டேன். எல்லாரும் சீக்கிரம் முடிச்சிட்ட, சீக்கிரம் முடிச்சிட்டன்னு சொன்னாங்க. அது நல்லா இருந்துச்சி தம்பி."

டாக்டரம்மா கோபமாகத்தான் இருந்தார். "நைனா, இது ஆம்ப்ளிஃபயர் இல்ல. மனுசங்க உசுரு."

"தெரியும்மா. அதான் ஓடியாந்தேன்."

"எனக்கும் நேத்துல இருந்து சந்தேகம்தான். வரவங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி இறங்குதேன்னு. கிருத்திகைக்கு ஊரே ஒண்ணா நோவு வந்து படுக்குமா? பாபு, மெஷின் ரிப்பேர் ஆயி வந்ததுல இருந்து எடுத்தவங்க எல்லாருக்கும் போன் போடு. யாரும் மலை ஏறக் கூடாது, எல்லாரும் திரும்ப வரணும்."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களாம்மா, அப்ப?" என்றேன்.

"அத நான் இப்ப சொல்லமாட்டேன். மெஷின் தப்புன்னா உங்க ஹார்ட் சரின்னு அர்த்தம் இல்ல. மூச்சு வாங்கிச்சின்னு சொன்னீங்க இல்ல? எழுதிக் குடுத்த மாதிரி அரக்கோணம் போயி வேற மெஷின்ல எடுங்க, எக்கோவும் பாருங்க. அப்பறம் சந்தோஷப்படலாம்."

நைனா எழுந்து வீட்டுக்குப் போனார். கமலம்மா சொல்லித்தான் தெரியும். மேஜை மேல் இருந்த அந்தப் பெட்டியைத் திறந்தாராம். பாதித் தலைமுடியைப் பலி கொடுத்துத் தேடிய அந்தக் கப்பாசிட்டரை, ஈயத்தை உருக்கிக் கழற்றி எடுத்தாராம். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு கிளினிக்குக்குத் திரும்பினாராம். இருட்டுவதற்குள் மெஷினில் அது உட்கார்ந்துவிட்டது. முதலில் தன் மார்பையே காட்டி எடுக்கச் சொன்னார். கோடு மூச்சுக்கு மூச்சு அலைந்தது. பெட்டியின் கூரை மட்டமாக நின்றது. டாக்டரம்மா இரண்டையும் பார்த்துவிட்டு அவருக்கு டீ வரவழைத்தார்.

மறுநாள் காலை ரயிலில் நான், மனைவி, முரளி மூவரும் அரக்கோணம் போனோம். ஏறிப் பார்த்தால் எங்கள் பெட்டியில் நைனா உட்கார்ந்திருந்தார். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வழக்கமாக வழி முழுக்கப் பேசுகிறவர் அன்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, ஏதோ தண்டனைக்கு வந்தவர் மாதிரி நின்றார். முரளி அவர் மேல் கோபமாக இருந்தான். "இவரு எதுக்கு பாவா இங்க?" என்றான். என் மனைவி அவனை முறைத்துவிட்டு, கொண்டுபோயிருந்த இட்லியில் இரண்டை இலையில் வைத்து நைனாவிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எக்கோவும் பார்த்தார்கள். இருட்டு அறையில் என் இதயம் திரையில் துடிப்பதைப் பார்த்தபோது, அடப்பாவி, எனக்காக இத்தனை வருஷம் இப்படியா வேலை செய்துகொண்டிருந்தாய் என்று இருந்தது. இதய டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"இதயத்துல ஒரு குறையும் இல்லை. நல்லாத் துடிக்குது. பாலத்துல மூச்சு வாங்கினதுக்குக் காரணம் இதோ, இதுதான்" என்று என் தொப்பையைப் பேனாவால் தட்டினார்.

"காவடி எடுக்கலாங்களா?"

"எடுங்க. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்க. இறங்கின பிறகு லட்டு மட்டும் வேணாம்."

அந்தத் தொப்பையை நான் அவ்வளவு அன்போடு எப்போதும் தடவியதில்லை. என் மனைவி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். எனக்கு உடம்பே காற்றாகிவிட்டது. செத்துப் பிழைத்தவன் என்கிறார்களே, அது சும்மா இல்லை. வராந்தாவில் அடித்த பினாயில் வாசனைகூட அன்று மல்லிகைப்பூ மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் நைனா கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன். இவர் இப்போதும் என் இதயத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த பெட்டியைத்தான் பார்த்தார். கூரை மட்டமாக இருந்தது. அப்புறம்தான் கோடுகளுக்கு வந்தார். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"நேரா கீது" என்றார். "எல்லாம் நேரா கீது தம்பி."

சொல்லிவிட்டு அந்த மனிதர் வராந்தாவின் நடுவில், கையில் இட்லியோடு, கொஞ்சமும் வெட்கப்படாமல் சத்தம் போட்டு அழுதார். முரளிதான் போய் அவரைத் தோளோடு பிடித்துக்கொண்டான். "உடு நைனா, உடு. பாவா நல்லவரு" என்றான். 'நல்லவரா இருந்தாரு' என்று சொல்லாமல் விட்டானே, அதுவே முன்னேற்றம்.

அந்த வாரம் கிளினிக்கில் எடுத்த மற்றவர்களும் திரும்ப வந்தார்கள். மெஷின் அவர்களைப் பற்றிச் சொன்னதும் பொய்தான். அவர்கள் வீட்டுக்கெல்லாம் நைனா தானே போய், தப்பு தன் மேல்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். பாதி வீடுகளில் திட்டினார்கள். மீதி வீடுகளில், சந்தோஷத்தில் திட்ட மறந்து பாயசம் கொடுத்தார்கள்.

கிருத்திகை அன்று 'அரோகரா' சத்தத்தில் மலையே ஆடியது. நைனாவின் பெட்டி சரியாக இருந்திருந்தால் முள் ஒடிந்திருக்கும். பூக்காவடி தோளில் ஏறியதும் பக்கத்தில் பார்த்தால் நைனா. ஒரு படி ஏறுவார், நிற்பார், என் முகத்தைப் பார்ப்பார். பின்னால் வந்த காவடிக் கூட்டம் கத்தியது.

"யோவ் பெரியவரே, வழி உடுய்யா!"

"பொறு, அவருக்கு மூச்சு வரட்டும்!" என்று கையை விரித்துக்கொண்டு நின்றார் நைனா. கூட்டம் பொறுத்தது. அவரை ஒன்றும் செய்ய முடியாது என்று அதற்கும் தெரிந்துவிட்டது.

மேலே போய் வேண்டுதலை முடித்தபோது என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் நைனா மடியை அவிழ்த்து எதையோ எடுத்து உண்டியலில் போட்டார். எட்டிப் பார்த்தேன். அந்தச் சின்னக் கப்பாசிட்டர்.

"ஏங்க, அத எதுக்கு சாமிக்கு?" என்றார் கமலம்மா.

"அவர்கிட்ட இருந்தாதான் நான் மறுபடியும் எடுத்துப் போடமாட்டேன்."

இப்போது அவர் சித்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். கடை இருந்த இடத்தில் மொபைல் கடை வந்திருக்கிறது. எதைக் கொடுத்தாலும் நின்ற காலிலேயே சரிசெய்து கொடுத்துவிடுகிறார்கள். உட்கார பெஞ்சும் இல்லை, டீயும் இல்லை. நான் இன்றும் ஒவ்வொரு ஆடியிலும் டாக்டரம்மாவிடம் ஈ.சி.ஜி. எடுத்து, டாக்டரம்மா போகலாம் என்று சொன்ன பிறகும், அந்தக் காகிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் நைனாவுக்கு அனுப்புகிறேன். பார்த்துவிட்டதாக அடையாளம் உடனே விழுந்துவிடும். பதில் வராது. மறுநாளும் வராது. பூக்காரர் வந்து, காவடிக்குப் பூ கட்டலாமா என்று கேட்பார். பொறுங்கள் என்பேன். பிறகு ஒரு நாள், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், "கூரை நேரா கீது. மெதுவா ஏறு" என்று வரும்.

அது வரும்வரை நான் காவடியைத் தொடுவதில்லை.